இருபது வரை எண்ணிப் போட்ட கையெழுத்து

1. கேட்டில் இரண்டு பூட்டு

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் காலேஜ் கேட்டில் இரண்டு பூட்டு தொங்கியது. ஒன்று நான் தினமும் திறக்கும் பழைய பித்தளைப் பூட்டு. மற்றது புதிது, உள்ளங்கை அகலம் இருந்தது. என் இடுப்புச் சாவிக்கொத்தில் அதற்குச் சாவி இல்லை. பதினெட்டு வருடத்தில் எனக்குத் தெரியாமல் அந்த இடத்தில் ஒரு பூட்டு ஏறியது அதுதான் முதல் தடவை.

மலேசியாவில் ரந்தாவ் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் கட்டிய தனியார் காலேஜ் அது. நர்சிங்கும் குழந்தை பராமரிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம். அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டால் கூட்டுவது, துடைப்பது, கோப்பி கலக்குவது, சாவி வைத்திருப்பது. நான் இல்லாமல் ஒரு கதவும் திறக்காது. அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றைக்கும் உண்டு.

கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ ஆன்ட்டி, பிரின்சிபல வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்களாம் லா! வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங்ல முடிவு பண்ணிட்டாங்களாம்!"

"நானும் படிச்சேன்," என்றேன்.

பிரின்சிபல் திருமதி எஸ்தர். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் போர்டில் ஒரு உறுப்பினர். காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து அந்தக் காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார். கோபப்படவில்லை. என்னிடம், "அஞ்சலைக்கா, பிள்ளைங்க வெயில்ல நிக்கிறாங்க. எதிர்க்கடையில உக்கார வைங்க," என்று மட்டும் சொன்னார்.

போலீஸ் வந்து பார்த்துவிட்டு, இது கோர்ட்டில் தீர்க்க வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனது. மேடம் கோர்ட்டுக்குப் போனார். கேஸ் முடியும்வரை பாடம் நடக்க வேண்டும், யாரும் கேட்டைப் பூட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. புதுப் பூட்டு கழன்றது. கேஸ் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

2. கிராணியின் பெரட்டு

எதிர்த் தரப்பு யார் என்றால் எங்கள் சேர்மன் குணசேகரன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவருடைய அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பதினான்கு வயதில் அதே தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனவள். சேர்மனின் அப்பா அங்கே கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். விடிவதற்குள் ஆபீஸ் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அவரவர் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால்தான் பெயருக்கு நேரே கோடு விழும்.

ஒரு நாள் மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. நான் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. "அஞ்சலை" என்று கூப்பிட்டபோது என் தங்கை "இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். கிராணி தலையைத் தூக்கினார்.

"ஒனக்கு எத்தன வாயிடி? ஆள் எங்க?"

"வந்துகிட்டே இருக்கு கிராணி."

"வந்தப்புறம் இருக்குதுன்னு சொல்லு. ஆள் இல்லாம நான் பேர் போட மாட்டேன்."

நான் சேறோடு ஓடிவந்து நின்றபோது புத்தகத்தை மூடிவிட்டார். அன்றைய வேலை போயிற்று. அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் வீட்டு நாய்கூட ஒற்றைக்கண் என்று சொன்னேன். அதெல்லாம் அந்த வயசுக் கோபம்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். எல்லோரையும் போல நாங்களும் வெளியே வந்தோம். கிராணியின் மகன் நாலு பேரோடு சேர்ந்து அதே மண்ணில் காலேஜ் கட்டினார். முதல் நாளே என்னைத் தேடி வந்து, "அக்கா, எங்கப்பா பெரட்டுல நின்ன ஆளு நீங்க. சாவி உங்ககிட்டதான்," என்றார். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நான் "ஐயா" என்றுதான் சொல்வேன்.

3. நான் மறைத்தது

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு பக்கம் வாசிக்க ஒரு கோப்பி ஆறிவிடும். மலாயும் இங்கிலீசும் பேச்சில் சமாளிப்பேன், காகிதத்தில் பார்த்தால் எறும்பு ஊர்வது மாதிரிதான். ஆனால் கையெழுத்துப் போடுவேன். அழகாகப் போடுவேன். கட்டைவிரல் வைக்கிற அவமானம் வரக்கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே பழகியது.

காலேஜில் எல்லோரும் படித்தவர்கள். அங்கே போய் எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். யார் ஃபாரம் கொண்டுவந்தாலும் கண்ணாடியைப் போடுவேன். காகிதத்தைக் கையில் பிடித்து, மேலிருந்து கீழே கண்ணை இறக்குவேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணுவேன். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். இரண்டு பக்கம் இருந்தால் நாற்பது.

ஒரு தடவை ஆசிரியர் கூட்டத்தில் மேடம், "அஞ்சலைக்காவப் பாருங்க. படிச்சுப் பாக்காம ஒரு காகிதத்துல சைன் போட மாட்டாங்க. நீங்க எல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் போடுறீங்க," என்றார். நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

4. கமலா கொண்டுவந்த காகிதம்

கேஸ் இவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காலேஜ் மீட்டிங் ரூமில் போர்டு கூடியது, மேடத்தை நீக்கியது என்று சேர்மன் மினிட்ஸ் எழுதி வைத்திருந்தார். போர்டில் ஏழு பேர். நாலு பேர் மீட்டிங் நடந்தது என்றார்கள். மேடமும் இன்னும் இரண்டு பேரும் அப்படி ஒரு மீட்டிங்கே நடக்கவில்லை என்றார்கள். எந்தப் பக்கமும் சேராத ஆள் ஒருத்திதான். ரூம் சாவி வைத்திருந்த நான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் நினைத்தது, பெரிய மனிதர்கள் சிரம்பான் டவுனில் எங்காவது ஓட்டலில் மீட்டிங் போட்டிருப்பார்கள் என்று. எங்கள் ரூமில் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காகிதத்தில் படித்துவிட்டதாகப் பெயர் வாங்கினவள் எப்படிக் கேட்பது?

ஒரு மத்தியானம் சேர்மனின் செக்ரட்டரி கமலா, நான் கோப்பி கலக்கும் பேண்ட்ரிக்கு வந்தாள்.

"அக்கா, சும்மா ஒரு சைன். மீட்டிங் ரூம் சாவி உங்ககிட்ட இருக்குன்னு எழுதியிருக்கு. கார்ல போயிட்டு வந்துரலாம், ஐயா சொன்னாரு."

"சாவி எங்கிட்டதானே இருக்கு. அதுக்கு எதுக்குக் கார்?"

"சத்தியப் பத்திரம் லா அக்கா. ஆபீசர் முன்னால போடணும்."

சிரம்பானில் ஒரு கடை மாடியில் சத்தியம் வாங்கும் ஆபீசர் இருந்தார். வயதானவர், அவசரத்தில் இருந்தார். மலாயில் புரிந்ததா என்று கேட்டார். இரண்டு பக்கம். நான் கண்ணாடியைப் போட்டு நாற்பது வரை எண்ணினேன். "பாஹாம்," என்றேன். புரிந்தது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டு, டப் டப் என்று முத்திரை குத்தினார். வரும் வழியில் கமலா எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். அவள் மேல் இன்றுவரை எனக்குக் கோபமில்லை. நான் படித்துவிட்டேன் என்றுதான் அவளும் நினைத்தாள்.

5. மேடத்தின் பிளாஸ்க்

இரண்டு வாரம் கழித்து மேடம் பேண்ட்ரிக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் அந்தக் காகிதத்தின் நகல்.

"அஞ்சலைக்கா, நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நாலாவது பத்தியைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மீட்டிங் ரூமை நான் திறந்துவிட்டேனாம். வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தேனாம். மேடத்தைக் கூப்பிடப் போனேனாம். வர முடியாது என்று மேடம் என்னிடம் சொன்னாராம்.

"நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்? நீங்க எப்ப என்னைக் கூப்பிட்டீங்க?"

நான் அந்த வெள்ளிக்கிழமையை அப்போதுதான் யோசித்தேன். மறுநாள் சனிக்கிழமை பெற்றோர் தினம். அதற்காகப் பெரிய ஹாலின் திரைச்சீலை அத்தனையும் கழற்றித் துவைத்தேன். மழை விடவில்லை. வெளியே போட முடியாமல் மீட்டிங் ரூமில் ஃபேனைப் போட்டு, பன்னிரண்டு நாற்காலியிலும் நீள மேசையிலும் விரித்துக் காயப்போட்டேன். சாயங்காலம் வரை ஈரம். அந்த ரூமில் அன்றைக்கு ஒரு பூனை நுழையவும் இடமில்லை.

"படிச்சுப் பாத்துதானே சைன் போட்டீங்க?" என்று கேட்டார் மேடம்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியாது மேடம் என்று ஒரு வரி. வாய் வரவில்லை. பொய்க்காரி என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை, தற்குறி என்று நினைக்கக்கூடாது என்று அந்த நிமிடம் என் புத்தி சொன்னது.

"படிச்சுதான் போட்டேன்," என்றேன்.

மேடம் நகலை மடித்துக்கொண்டார். கதவைத் திறந்துகொண்டு போனார். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கோப்பி கொண்டுவந்தார். பதினெட்டு வருடம் என் கையால் குடித்தவர். அவருடைய கோப்பையை நான் தினமும் கழுவித்தான் வைத்தேன். அது தினமும் அப்படியே இருந்தது.

6. கோர்ட்டு வராந்தா

மேடத்தின் லாயர் என்னை நேரில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். கோர்ட்டு சம்மதித்தது. சிரம்பானுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனது சேர்மன் ஆபீஸ்தான். புடவைக்குக் கஞ்சி போட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு போனேன்.

வராந்தா பெஞ்சில் சேர்மன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. சைன் உங்களோடதான்னு கேப்பாங்க, ஆமாம்னு சொல்லுங்க. படிச்சீங்களான்னு கேப்பாங்க, ஆமாம்னு சொல்லுங்க. அவ்வளவுதான் லா."

"ஐயா, அன்னைக்கு அந்த ரூம்ல மீட்டிங் நடக்கலியே. நான் திரைச்சீலை காயப்போட்டிருந்தேன்."

அவர் என் பக்கம் சாய்ந்தார். "நாலு பேரும் போன்ல பேசி முடிவு பண்ணிட்டோம் அக்கா. கூடினா என்ன, கூடாட்டி என்ன, முடிவு அதேதானே? அந்தம்மா என் பேச்சைக் கேக்கறதே இல்ல. நான் கட்டுன காலேஜு."

"நீங்க கட்டுனதுதான். இல்லேன்னு யார் சொன்னா?"

"அப்புறம் என்ன?"

"உங்கப்பா ஆள் இல்லாம பேர் போட மாட்டாரு ஐயா. என் தங்கச்சி குரல் குடுத்ததுக்கே எனக்கு ஒரு நாள் வேலை போச்சு."

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்ப என் பக்கத்தில் உட்காரவில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். மீட்டிங் நடக்கவில்லை என்று மட்டும் சொன்னால், அப்படியானால் ஏன் சத்தியம் செய்தாய் என்று கேட்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தவள் பேச்சு எதற்காகும்? மேடத்தின் பதவியும் போகும், என் பெயரும் போகும். படிக்கத் தெரியாது என்று சொன்னால்தான் அந்தக் காகிதம் விழும். வேறு வழியில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், இருந்தது அந்த ஒரு கதவுதான்.

7. கூண்டில்

நீதிபதி ஒரு மலாய்க்கார அம்மா. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மேடத்தின் லாயர் காகிதத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துட்டுப் போட்டீங்களா?"

பழக்கத்தில் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். காகிதத்தைப் பிடித்தேன். எண்ணவும் ஆரம்பித்துவிட்டேன். கோர்ட்டு முழுக்கக் காத்திருந்தது. பதினொன்று வந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினேன்.

"எனக்கு மலாய் படிக்கத் தெரியாதுங்க. இங்கிலீசும் தெரியாது. யாரும் எனக்குப் படிச்சுக் காட்டல. நானும் கேக்கல."

சேர்மன் லாயர் சட்டென்று எழுந்தார். நீங்கள் இந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டதாகக் கமலா சொல்கிறாளே என்றார்.

"பாத்தேன். நாப்பது வரைக்கும் எண்ணினேன்."

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னத்த எண்ணுனீங்க?"

"ஒன்னத்தையும் எண்ணல. சும்மா ஒன்னு ரெண்டுதான். ஒரு பக்கத்துக்கு இருபது. படிக்கிற மாதிரி தெரியணும்ல?"

அவர் அதை மலாயில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் நான் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டு நேராக என்னைக் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை அந்த அறையில் என்ன நடந்தது? நான் மழையிலிருந்து சொன்னேன். திரைச்சீலை நிறம் சொன்னேன். பன்னிரண்டு நாற்காலியும் சொன்னேன்.

"ஒருவேளை நீங்க பாக்காதப்ப வந்து உக்காந்திருப்பாங்களோ?" என்றார் சேர்மன் லாயர்.

"உக்காந்திருந்தா எல்லார் சிலுவாரும் பின்னால நனைஞ்சிருக்குமே லா. நாலு பேரையும் வீட்டுல கேட்டுப் பாருங்க."

இதற்குத்தான் சிரித்தார்கள். நீதிபதி அம்மாவும் குனிந்துகொண்டார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், அதை அவருக்குப் படித்துக் காட்டினோம், அவருக்கு விளங்கியது என்று ஆபீசர் அதிலேயே எழுத வேண்டுமாம். அந்த வரி என் காகிதத்தில் இல்லை. இருக்காதுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு "பாஹாம்" சொன்னவளைப் பார்த்து அவருக்கு எப்படித் தோன்றும்?

காகிதத்தை ஒதுக்கி வைத்தார்கள். சில மாதம் கழித்து, அந்த மீட்டிங் நடந்ததாக ஏற்க முடியாது, மேடத்தை நீக்கியது செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் எனக்கு வேண்டியது அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. கோர்ட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலை மேடம் பேண்ட்ரிக்கு வந்தார். கையில் காலிக் கோப்பை.

"சீனி கம்மியா போடுங்கக்கா."

"தெரியும் மேடம்."

நின்றபடியே பாதி குடித்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார்.

"உங்ககிட்டதான் மேடம் சொல்ல முடியல."



8. சாவி ஒப்படைப்பு

சேர்மன் அப்பீல் போனார். பிறகு இரண்டு பக்கமும் களைத்து, பேசி முடித்துக்கொண்டார்கள். அவர் பதவியை விட்டு விலகுவதென்று முடிவானது. அவரிடமும் காலேஜ் சாவி ஒரு கொத்து இருந்தது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று லாயர்கள் கேட்டபோது, "சாவி அஞ்சலைக்காகிட்டதான்," என்று மேடம் சொல்லிவிட்டார்.

சேர்மன் தனியாகத்தான் வந்தார். பேண்ட்ரி மேசையில் சாவிக்கொத்தையும் ஒரு பக்கக் காகிதத்தையும் வைத்தார். கோர்ட்டு வராந்தாவுக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசியதில்லை.

"வாங்கிக்கிட்டேன்னு ஒரு சைன் வேணும்," என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். கண்ணாடியை எடுக்கவில்லை.

"படிங்க ஐயா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். நின்றபடி, ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தார்.

"மெயின் கேட்."

நான் கொத்தில் தேடி அந்தச் சாவியைப் பிரித்தேன். "இருக்கு."

"ஆபீஸ் ரூம்."

"இருக்கு."

"மீட்டிங் ரூம்."

"இருக்கு."

"ஸ்டோர்."

நான் இரண்டு தடவை தேடினேன். "இல்ல."

அவர் சட்டைப் பையைத் தடவினார். காருக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஒற்றைச் சாவியோடு திரும்பி வந்து மேசையில் வைத்தார். காகிதத்தை மறுபடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஸ்டோர்."

"இருக்கு."

அவருடைய குரல் அப்படியே அவருடைய அப்பாவின் குரல். நான் இத்தனை வருடம் கவனித்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகு கையெழுத்துப் போட்டேன்.

காகிதத்தை மடித்துக்கொண்டே, "அப்பா இருந்திருந்தா என்னைப் பெரட்டுலயே நிறுத்தியிருப்பாரு," என்றார்.

"நிறுத்தியிருப்பாரு," என்றேன். "கோப்பி குடிக்கிறீங்களா?"

குடித்துவிட்டுத்தான் போனார்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போல வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்து என்பது பெரட்டில் நாம் கொடுக்கிற குரல். நாம் அங்கே இருந்தால்தான் கொடுக்க வேண்டும். காகிதம் விளங்கவில்லை என்றால் நாம் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். "படிங்க" என்று சொல்லுங்கள். யாராக இருந்தாலும் படிப்பார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வர அறுபத்தாறு வயதாயிற்று.